சாக்லேட் மணக்கும் ஒரு போர்ட்டர்

பியரில் சாக்லேட் சுவை வேண்டும் என்று நினைப்பவர்களின் கை முதலில் கோகோத் தூள் டப்பாவைத்தான் தேடும். அதில் வியப்பில்லை. ஆனாலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உருவான போர்ட்டர் என்னும் கரும்பியர் வகையில் நல்லதொன்றைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி அவசரமில்லாமல் குடித்துப் பார்த்தால், முதலில் பிஸ்கட்டின் மணமும், நடுவில் மெல்லிய இனிப்பும், விழுங்கிய பிறகு அடிநாக்கில் உலர்ந்த கோகோவின் கசப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதை உணரலாம். அந்தக் கோப்பையில் கோகோ கடுகளவும் கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவை மட்டுமே அதில் உள்ளன. ஃபுல்லர்ஸ் நிறுவனத்தின் லண்டன் போர்ட்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 5.4 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்தப் பியரில் பிரவுன் மால்ட், கிரிஸ்டல் மால்ட், கறுக்க வறுத்ததால் அப்பெயர் பெற்ற சாக்லேட் மால்ட் ஆகிய மூன்றும் சேர்கின்றன. அதைக் குடித்த எவரும் கோகோ சேர்த்திருப்பார்கள் என்று சத்தியம் செய்வார்கள்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் இத்தகைய பியரை நெடுங்காலமாகக் காய்ச்சி வருகிறேன். இதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. சாக்லேட் சுவை எந்த ஒரு தானியத்துக்குள்ளும் முழுமையாக அடங்கியிருப்பதில்லை. வறுவலின் கசப்பு, மிச்சமிருக்கும் இனிப்பு, அடங்கிய புளிப்பு, வாயை நிறைக்கும் அடர்த்தி ஆகிய நான்கும் சரியான அளவில் சந்திக்கும்போதுதான் நாக்கு அதைச் சாக்லேட் என்று அடையாளம் காண்கிறது. ஆகவே, சாக்லேட் மால்ட்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் சாக்லேட் சுவை கூடுவதில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு அது காப்பியாகி, பின்னர் கரியாகிவிடுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்னென்ன அமைய வேண்டும் என்பதை எழுதுவதே இங்கே என் நோக்கம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு உரிமம் பெற வேண்டும் என்ற விதியை 1963ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் நீக்கினார். விற்காமல் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சும் வரையில் இங்கே தடையில்லை. அமெரிக்காவில் இதற்கான சட்டத் திருத்தத்தில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிக்க அனுமதி இல்லை என்பதை அங்கிருந்து வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பார்லியிலிருந்து சாக்லேட் சுவை எப்படி வருகிறது? இது வெறும் உவமைப் பேச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், இரண்டு பொருள்களிலும் நடக்கும் வேதிவினை ஒன்றே. கோகோக் கொட்டையைப் புளிக்கவைத்து உலர்த்தி வறுக்கும்போது, அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து மையார் வினைக்கு உட்படுகின்றன. லூசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து 3-மெத்தில்பியூட்டனாலும், ஐசோலூசினிலிருந்து 2-மெத்தில்பியூட்டனாலும் பிறக்கின்றன. கோகோவின் மணத்தைத் தீர்மானிக்கும் முதன்மையான சேர்மங்களில் ஆல்டிஹைடுகளான இவ்விரண்டும் அடங்கும். கூடவே பைரசீன்கள் என்னும் சேர்மக் குடும்பம் உருவாகி, வறுத்த கொட்டைக்குரிய மணத்தைத் தருகிறது. முளைகட்டிய பார்லியிலும் அமினோ அமிலங்களும் எளிய சர்க்கரைகளும் ஏராளம். முளைப்பதன் பயனே அதுதான். அதை வறுத்தால் இதே ஆல்டிஹைடுகளும் இதே பைரசீன்களும் பிறக்கின்றன. ஆக, பியரில் நாம் உணரும் சாக்லேட் மணம் சாக்லேட்டைப் போன்றது மட்டுமன்று, பெருமளவுக்கு அதே மூலக்கூறுகளால் ஆனது. பார்லியில் இல்லாதது கோகோ வெண்ணெய். அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

வறுப்பதில் காலக்கணக்கு மிகவும் முக்கியம். சாம்பார்ப் பொடிக்கு மல்லி வறுக்கும்போது மணம் எழும் நொடிக்கும் கருகும் நொடிக்கும் இடையில் எவ்வளவு குறுகிய இடைவெளி இருக்கிறதோ, அதே நிலைதான் மால்ட் வறுக்கும் ஆலையிலும். உலர்த்திய வெளிர் மால்ட்டைச் சுழலும் உருளையில் போட்டு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் வறுக்கிறார்கள். வேண்டிய நிறம் வந்தவுடன் தண்ணீர் தெளித்தும் காற்றைச் செலுத்தியும் சட்டென்று குளிர்விக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் சாக்லேட் மால்ட் கிடைக்கிறது. இன்னும் சிறிது நேரம் விட்டால் கறுப்பு மால்ட் ஆகிவிடுகிறது.

இந்த உருளைக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்க கால லண்டன் போர்ட்டர் முழுக்க முழுக்கப் பிரவுன் மால்ட்டால் ஆனது. விறகுத் தீயில் உலர்த்திய அந்த மால்ட் மலிவானது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காய்ச்சுபவர்களின் கைக்கு வந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. விலை கூடுதலான வெளிர் மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரையோடு ஒப்பிட்டால் பிரவுன் மால்ட் தரும் சர்க்கரை மிகவும் குறைவு. கணக்குப் பார்த்தவர்கள் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். மாறியதும் போர்ட்டரின் நிறமும் சுவையும் போயின. சர்க்கரையைக் கருக்கி நிறமேற்றும் வழியையும் சட்டம் அடைத்துவிட்டது. அப்போதுதான், 1817ஆம் ஆண்டில், டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுக்கும் கருவியை ஒத்த உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கறுப்பு மால்ட்டில் மிகச் சிறிதளவு சேர்த்தாலே ஒரு பெரிய அண்டா பியர் கறுத்துவிடும். இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான பலன் வேறொன்று என்று நான் கருதுகிறேன். சர்க்கரை தருவது ஒரு மால்ட்டின் வேலை, நிறமும் வறுவல் சுவையும் தருவது இன்னொரு மால்ட்டின் வேலை என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. கரும்பியரின் சுவையைக் கிராம் கணக்கில் நிறுத்துத் திட்டமிடுவது அதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று. இன்று நாம் செய்யும் வடிவமைப்பு முழுவதும் அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

இனித் தானியங்களுக்கு வருவோம். மால்ட்டின் நிறத்தை ஐரோப்பாவில் ஈபிசி என்னும் அலகால் அளக்கிறார்கள். வெளிர் மால்ட் 5 ஈபிசியை ஒட்டி இருக்கும். பிரவுன் மால்ட் 130 வாக்கில். வெளிர் சாக்லேட் மால்ட் 500 வாக்கில். சாக்லேட் மால்ட் 1,000 வாக்கில். கறுப்பு மால்ட் 1,300க்கு மேல். ஆலைக்கு ஆலை இந்த எண்கள் மாறும் என்பதால், எண்ணை மட்டும் நம்பிச் செய்முறை எழுதுவதை நான் ஏற்பதில்லை. தானியத்தை வாயில் போட்டு மென்று பார்க்க வேண்டும். சாக்லேட் மால்ட்டின் ஒரு மணியை முன்பல்லால் கடித்தால் மொறுக்கென்று உடையும். உமி கறுத்துப் பளபளக்கும். உள்ளே மாவுப்பகுதி அடர்பழுப்பாக, பொடிப்பொடியாக இருக்கும். முதல் சில நொடிகள் உலர்ந்த கோகோவும் வறுத்த வேர்க்கடலைத் தோலும் கலந்த சுவை வரும். மென்றுகொண்டே இருந்தால் கருகல் சுவை தட்டும். எத்தனை நொடிக்குப் பிறகு அது தட்டுகிறது என்பதே அந்த மூட்டையைப் பற்றி நான் அறிய விரும்பும் முதல் செய்தி.

அடுத்த சோதனை, ஊறல் சோதனை. வறுத்த மால்ட்டில் 7 கிராமும் வெளிர் மால்ட்டில் 43 கிராமும் எடுத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கருவியில் நொறுக்கி, 65 டிகிரியில் உள்ள 400 மில்லி தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, காப்பி வடிதாளில் வடிகட்டுகிறேன். சாக்லேட் மால்ட், வெளிர் சாக்லேட் மால்ட், வறுத்த பார்லி, கறுப்பு மால்ட் என்று வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகளில் வடித்து வைத்து, ஆறிய பிறகு ஒவ்வொரு வாயாகக் குடித்துப் பார்ப்பேன். முளைகட்டாமல் நேரடியாக வறுத்த பார்லி, ஐயத்துக்கு இடமில்லாமல் கடுங்காப்பிதான். ஐரிஷ் ஸ்டவுட் என்னும் கரும்பியரின் கூர்மையான உலர்ந்த கசப்பு அதிலிருந்து வருகிறது. கறுப்பு மால்ட் சாம்பலின் பக்கம் சாய்கிறது. வெளிர் சாக்லேட் மால்ட் கொட்டையும் ரொட்டித் தோலுமாக இருக்கிறது. இனிமையானது, ஆனால் ஆழம் குறைவு. சாக்லேட் மால்ட் மட்டுமே கசப்புக்கும் கோகோவுக்கும் நடுவில் நிற்கிறது. அரை மணி நேரத்தில் முடிகிற இந்தச் சோதனை, பத்துச் செய்முறைகளைப் படிப்பதைவிட மேலானது.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரிலுள்ள வையர்மான் ஆலை, உமியை நீக்கிவிட்டு வறுக்கும் கராஃபா ஸ்பெஷல் என்னும் மால்ட்டைத் தயாரிக்கிறது. கருகல் சுவையின் பெரும்பகுதி உமியிலிருந்து வருவதால், அது இல்லாத இந்த மால்ட் மிகவும் மென்மையானது. பலர் சாக்லேட் பியருக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள். கறுத்த ஜெர்மன் லாகர் வகைப் பியருக்கு அது மிகப் பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போர்ட்டருக்கு அது போதாது. நல்ல கறுப்புச் சாக்லேட்டில் ஒரு சொரசொரப்பும் பிடிவாதமான கசப்பும் உண்டு. அவற்றை நீக்கிவிட்டால் பால் கலந்த சாக்லேட் பானத்தின் நினைவுதான் வருகிறது.

இப்போது வடிவமைப்பின் மையத்துக்கு வருகிறோம். ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட்டை வாயில் கரையவிட்டு, அதில் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 70 சதவீதக் கோகோ கொண்ட சாக்லேட் என்றால், மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. கசப்பு கோகோவிலிருந்து வருகிறது. கொட்டையைப் புளிக்கவைத்தபோது உண்டான இலேசான புளிப்பு அதில் மறைந்திருக்கிறது. கோகோ வெண்ணெய் நாக்கின் மேல் படலமாகப் படர்கிறது. பல சாக்லேட்டுகளில் வனிலாவும் சேர்ந்திருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் பியரில் ஓர் ஈடு வேண்டும்.

கசப்பையும் மணத்தையும் சாக்லேட் மால்ட் தருகிறது. மொத்தத் தானியத்தில் அது 5 சதவீதம் இருந்தால் போதும். 8 சதவீதத்தைத் தாண்டினால் காப்பி முன்னுக்கு வந்துவிடுகிறது. அதற்குத் துணையாக நான் மிகவும் மதிப்பது பிரவுன் மால்ட்டை. பெயரளவில் எளிய இந்த மால்ட்டை வெறும் நிறத்துக்காகச் சேர்ப்பவர்கள் அதன் அருமையை அறியாதவர்கள். கோகோத் தூளை வெறும் வாயில் போட்டால் உணரும் அந்த உலர்ந்த தன்மையை அதுவே தருகிறது. அது சேராத கரும்பியரில் சாக்லேட் இருந்தாலும், அது மேல்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. இனிப்புக்கு நடுத்தர நிறக் கிரிஸ்டல் மால்ட். வெண்ணெய்ப் படலத்துக்கு ஓட்ஸ். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் பசைப்பொருளும் புரதமும் பியருக்கு வழவழப்பைத் தருகின்றன. கொழுப்பு இல்லாத ஒரு பானத்தில் அந்தப் படலத்தை உணரச்செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்த எண்ணத்தின்படி 20 லிட்டருக்கு நான் வைத்திருக்கும் அளவு இது. வெளிர் மால்ட்டாக மாரிஸ் ஓட்டர் 3.8 கிலோ, பிரவுன் மால்ட் 450 கிராம், அவல் போல் தட்டிய ஓட்ஸ் 350 கிராம், 150 ஈபிசி கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், சாக்லேட் மால்ட் 250 கிராம். மாரிஸ் ஓட்டர் 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட பார்லி ரகம். விலை சற்றுக் கூடுதலானாலும் அதன் ரொட்டிச் சுவை இந்தப் பியருக்கு அடித்தளமாக இருப்பதால் நான் வேறொன்றை நாடுவதில்லை. கறுப்பு மால்ட்டும் வறுத்த பார்லியும் இதில் வேண்டுமென்றே விடுபட்டவை. பியரின் நிறம் 50 ஈபிசியை ஒட்டி வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் மாதுளை நிறம் தெரிய வேண்டும். மையைப் போலக் கறுத்திருக்க வேண்டும் என்ற ஆசையில் கறுப்பு மால்ட்டைக் கொட்டுவதுதான் சாக்லேட் சுவையைக் கொல்லும் முதல் காரணம்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணப் பாறைகளின் ஊடே வருவதால் லண்டன் தண்ணீர் கடினமானது; பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். வறுத்த மால்ட்டுகள் அமிலத்தன்மை கொண்டவை. காரமான தண்ணீரும் அமிலமான மால்ட்டும் ஒன்றையொன்று சமன் செய்ததால்தான் லண்டனில் போர்ட்டர் செழித்தது என்ற விளக்கத்தை எல்லாரும் சொல்வார்கள். அது ஓரளவு உண்மையே. ஆனால் அதை நம்பி, குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யக்கூடாது. மேலே சொன்ன அளவில் வறுத்த மால்ட் 5 சதவீதம்தான். அதிலுள்ள அமிலம் அந்தக் காரத்தன்மை முழுவதையும் விழுங்கப் போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலும், அளந்து பார்த்தாலும், மாஷ் எனப்படும், தானியம் வெந்நீரில் ஊறும் கலவையின் அமில-கார அளவான பிஎச் 5.8ஐத் தாண்டி நிற்கும். அந்த நிலையில் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். வறுவல் சுவை மழுங்கி, சாக்லேட்டுக்குப் பதிலாக நனைந்த கரியின் சுவை வரும். மறுபக்கம், மான்செஸ்டர் போன்ற மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் வறுத்த மால்ட்டைத் தாராளமாகச் சேர்த்தால் பிஎச் 5.2க்குக் கீழே இறங்கி, பியர் புளித்த காப்பியைப் போலாகிவிடும். அங்கே சிட்டிகையளவு சமையல் சோடா தேவைப்படலாம். இரண்டு ஊர்களுக்கும் ஒரே செய்முறை பொருந்தாது.

நான் செய்வது பழைய முறை. முந்தின நாள் இரவு 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிடுகிறேன். பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும். காலையில் அந்தப் படிவைக் கலக்காமல் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்கிறேன். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். குளோரின் கொதியில் போய்விடும் என்றாலும், குளோரமைன் எளிதில் போகாது. அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் மருந்து வாடை வரும். சல்பைட் உப்பான கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. கொதிக்கவைத்தபோது கால்சியமும் குறைந்துவிடுவதால் 4 கிராம் கால்சியம் குளோரைடு சேர்க்கிறேன். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தண்ணீரில் குளோரைடு கூடினால் மால்ட்டின் இனிப்பும் அடர்த்தியும் முன்னே வரும். சல்பேட் கூடினால் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகும். வெளிர் ஏல் பியருக்குப் புகழ்பெற்ற பர்ட்டன் நகரின் தண்ணீர் சல்பேட் நிறைந்தது. சாக்லேட் சுவைக்கு நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. மாஷ் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து, பிஎச் மானியில் பார்ப்பேன், 5.4க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அன்றைய வேலையில் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று பொருள். இந்தச் சிறு மானியை வாங்குவதற்குச் செலவிடும் பணம், புதுப்புது மால்ட்டுகளுக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயனுள்ளது என்பதை அழுத்திச் சொல்வேன்.

வறுத்த மால்ட்டைத் தனியே பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தச் சாற்றை மட்டும் கடைசியில் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. கருகல் சுவையைக் குறைக்க அது உதவும். ஆனால் சுவையும் நிறமும் குறைவாகவே இறங்குவதால் மால்ட்டைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். பிஎச் சரியாக இருந்தால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. எல்லாத் தானியத்தையும் ஒன்றாகவே மாஷில் சேர்த்துவிடுகிறேன்.

மாஷுக்கு 14 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் வெப்பம் 68 டிகிரியில் வந்து நிற்கும். அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம். 63 அல்லது 64 டிகிரியில் வைத்தால் பீட்டா அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை ஈஸ்ட் முழுதாக உண்ணக்கூடிய சர்க்கரையாக உடைத்துவிடும். பியர் மெலிந்து, வறுவலின் கசப்பு துணையில்லாமல் தனித்து நிற்கும். 68இல் ஆல்ஃபா அமைலேஸின் வேலை ஓங்குவதால், ஈஸ்ட் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் மிஞ்சுகின்றன. அவை வாயை நிறைக்கும். மீதித் தண்ணீரால் தானியத்தை அலசி, வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறேன். கொதி தொடங்கியதும் கிழக்குக் கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 50 கிராம். அதில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்றால், பியரின் கசப்பு அதற்குரிய அலகான ஐபியூவில் 27 அல்லது 28 அளவில் வரும். கடைசி நிமிடங்களில் மணத்துக்கென்று ஹாப்ஸ் சேர்ப்பதில்லை. அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை, பைன் மணங்கள் வேறு பியர்களில் எனக்குப் பிடித்தமானவை; சாக்லேட்டின் மேல் அவை ஒட்டுவதில்லை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், காய்ச்சி முடிக்கும்போது சாற்றின் அடர்த்தி 1.055 வாக்கில் இருக்கும்.

ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மணத்தைவிட அது எவ்வளவு சர்க்கரையை மிச்சம் வைக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எஸ்-04 போன்ற ஆங்கில ஏல் ஈஸ்ட் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் உண்டு முடித்து, விரைவாக அடியில் படிந்து, மெல்லிய பழ மணத்தை விட்டுச் செல்கிறது. அந்தப் பழ மணம், உலர்திராட்சை சேர்த்த சாக்லேட்டை நினைவூட்டும். வின்ட்சர் என்னும் உலர் ஈஸ்ட் மால்ட்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடுவதே இல்லை. ஆகவே, அதைப் பயன்படுத்துபவர்கள் மாஷ் வெப்பத்தை 66க்குக் குறைத்துக்கொள்ளாவிட்டால் பியர் பாகுத்தன்மை அடைந்துவிடும். 18 டிகிரியில் தொடங்கி, நொதிப்பு அடங்கும் தறுவாயில் 20 டிகிரிக்கு உயரவிட்டு, மேலும் சில நாள் ஈஸ்ட்டின் மேலேயே விட்டுவைப்பது நல்லது. நொதிக்கும்போது உண்டாகும் டைஅசிட்டைல் என்னும் வெண்ணெய் வாடையை ஈஸ்ட் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சாக்லேட் சுவைக்கு வெண்ணெய் மணம் துணைசெய்யும் என்று வாதிடுபவர்கள் உண்டு. என் நாக்கு அதை ஏற்பதில்லை. இறுதி அடர்த்தி 1.016இல் நின்றால், ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும்.

கோகோவைச் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. லண்டனில் பிறந்த யங்ஸ் டபுள் சாக்லேட் ஸ்டவுட்டில் சாக்லேட் மால்ட்டோடு உண்மையான சாக்லேட்டும் சேர்கிறது. அது நல்ல பியர்தான். வீட்டில் செய்பவர்கள், வறுத்து நொறுக்கிய கோகோப் பருப்பை ஓட்காவில் ஊறவைத்து, நொதித்து முடிந்த பியரில் போடுவார்கள். கோகோவின் கொழுப்பு நுரையைக் குலைக்கும் என்பது அதிலுள்ள இடர்ப்பாடு. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கோகோவில் இனிப்பே கிடையாது. மெலிந்த பியரில் கோகோப் பருப்பைப் போட்டால் மணம் சாக்லேட்டாகவும் சுவை வெறும் கசப்பாகவும் பிரிந்து நிற்கும். அடித்தளம் சரியாக அமைந்த பியருக்குக் கோகோ தேவைப்படாது. அடித்தளம் சரியில்லாத பியரைக் கோகோ காப்பாற்றாது.

நுவரெலியாவில் தொடங்கிய மதுக்காய்ச்சு ஆலை ஒன்றின் மரபில் வந்த இலங்கையின் லயன் ஸ்டவுட்டை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் பல தமிழ்க் கடைகளின் குளிர்பெட்டிகளில் அது கிடைக்கும். 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் கொண்ட அந்தப் பியரில் சாக்லேட்டும் பனங்கருப்பட்டியின் சாயலும் தெளிவாகத் தெரிகின்றன. வலிமையும் இனிப்பும் அங்கே பெரிய அளவில் இருப்பதால், வறுவலும் அதற்கு ஈடாகப் பெரிய அளவில் தாங்கப்படுகிறது. என் 5 சதவீதப் போர்ட்டரில் அத்தனை வறுவலைப் போட்டால் தாங்காது. விகிதம் என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

அடர்த்தி இரண்டு நாள் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகு, லிட்டருக்கு நாலரை கிராம் சர்க்கரை கணக்கிட்டுப் புட்டியில் அடைக்கிறேன். இங்கே வாயு அதிகமாகக்கூடாது. கரைந்த கரியமில வாயு நாக்கில் அமிலமாகக் குத்தும். அந்தக் குத்தலில் கோகோவின் மென்மை முழுவதும் மறைந்துவிடும். அடைத்து இரண்டு வாரத்தில் வாயு பிடித்துவிடும் என்றாலும், அப்போது குடித்தால் வறுவலின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை பொறுத்தால் அவை அடங்கி, பிரவுன் மால்ட்டின் கோகோ மேலெழும். பரிமாறும்போது வெப்பம் 12 டிகிரி இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் இனிப்பும் மணமும் உறங்கிக் கிடக்கும். கசப்பு மட்டுமே விழித்திருக்கும்.

இந்த அளவை வைத்து முதன்முறை காய்ச்சுபவர்கள், அடுத்த முறைக்கான திருத்தத்தைத் தங்கள் நாக்கைக் கொண்டே முடிவு செய்யலாம். காப்பி முன்னே நின்றால், சாக்லேட் மால்ட்டில் 80 கிராம் குறைத்து அந்த அளவுக்கு வெளிர் சாக்லேட் மால்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். புளிப்புத் தட்டினால் தானியத்தைத் தொடாமல் மாஷின் பிஎச் அளவை 5.5க்கு உயர்த்துங்கள். சுவை சரியாக இருந்தும் விழுங்கியவுடன் மறைந்துபோகிறது என்றால், மாஷ் வெப்பத்தை ஒரு டிகிரி கூட்டுங்கள், அல்லது ஓட்ஸை 500 கிராமாக்குங்கள். இனிப்பு மிகுந்தால் கிரிஸ்டல் மால்ட்டைப் பாதியாக்குங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய தொகுப்பிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்து, இரண்டையும் ஒரே வெப்பத்தில் பக்கத்தில் பக்கம் வைத்துக் குடித்துப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்துக்குப் போங்கள்.